மோசமான ஆட்டத்துக்கு ஒரு வக்கீல்

சரக்கு ரயிலின் ஊதல் ஒரு வாக்கியம் மாதிரி. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடியும் ஒரு நீளம். தண்டவாளத்தைச் சாலை கடக்கும் இடங்களில் இந்த நாட்டில் அப்படித்தான் ஊதுவார்கள். போன மாதம் தெற்கு ஜெர்சிப் பக்கம் போகும்போது தடுப்புக் கட்டை இறங்கிவிட்டது. காரை நிறுத்தினேன். துருவும் கிறுக்கல்களுமாகப் பெட்டிக்குப் பின்னால் பெட்டி, முடிகிற உத்தேசமே இல்லாத ஒரு ரயில். ஊதல் வந்ததும் என் இடது காது வெதுவெதுப்பானது. இடது காது மட்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் இருந்த ஹெட்செட்டில் வலது பக்கம் பேசாது.

அந்த ஊதலுக்கு இந்தப் பக்கம் ஒரு குரல் நிற்கும். "கொஞ்சம் பொறுங்கோ, ரெயில் போகட்டும்" என்று சொல்லும். நாங்கள் பொறுப்போம். ஆட்டத்தில் எங்களைச் சுட்டுக்கொண்டிருப்பவர்கள் பொறுக்க மாட்டார்கள். அவர் ஊர் ரயில் கடந்து முடிவதற்குள் நாங்கள் எல்லோரும் செத்திருப்போம்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் அணியிலிருந்த ரஃபீக் ஒருமுறை கேட்டான். "அண்ணை எண்டு கூப்பிடுங்கோ, காணும்" என்றார். காணும் என்றால் அவர் தமிழில் போதும். திரையில் அவர் தலைக்கு மேல் மிதந்த பெயர் 'நியூ பிளேயர்'. முதல்முதலாகத் திறக்கிற எல்லாருக்கும் அந்த ஆட்டம் வைக்கிற பெயர் அது. மற்றவர்கள் அன்றைக்கே மாற்றி, புலி என்றும் எமன் என்றும் வைத்துக்கொள்வார்கள். இவர் மாற்றவேயில்லை. அந்த ஆட்டத்தை உலகத்திலேயே அதிக காலம் ஆடிய மனிதர், கடைசி வரை புது ஆள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் கணினி ஆட்டம், இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் வந்தது. அதன் பேர் இன்று யாருக்கும் நினைவிருக்காது. ஓர் அணிக்கு ஆறு பேர், எதிரே ஆறு பேர். ஆளில்லாத துறைமுக நகரம், நடுவில் மூன்று கோபுரங்கள். கோபுரங்களைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், பறிக்க வருபவர்களைச் சுட வேண்டும். ஆடுகிறவர்கள் ஒருவரோடொருவர் மைக்கில் பேசிக்கொள்ளலாம். வெளிவருவதற்கு முன்னாலேயே அதன் முன்னோட்டப் படங்களைப் பார்த்துப் பார்த்து என் கணவர் முரளியும் அவருடைய கல்லூரி நண்பர்கள் ரஃபீக்கும் கார்த்தியும் உருகிக்கொண்டிருந்தார்கள். முரளி இங்கே ஜெர்சியில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். மற்ற இருவரும் கலிஃபோர்னியாவில், டப்ளின் என்ற ஊரில், ஒரே அபார்ட்மெண்டில். விடுதி அறையில் ஒருவர் கட்டிலில் ஒருவர் கால் போட்டுக்கொண்டு ஆடியவர்கள். நாட்டின் இரண்டு ஓரங்களுக்கும் நடுவே தங்களுக்கு மறுபடி ஓர் அறை கிடைக்கப்போகிறது என்று நம்பினார்கள்.

வந்தது. சப்பென்று இருந்தது.

"மச்சான், செம மொக்கடா" என்றான் கார்த்தி, முதல் நாளே. "ட்ரெய்லர்ல காட்டுனது எதுவுமே உள்ள இல்ல."

ரஃபீக் கீழக்கரைக்காரன். "பிரியாணின்னு போர்டு வச்சுட்டு தக்காளிச் சோறு போட்டிருக்காய்ங்கடா. அதுலயும் தக்காளி இல்ல."

முரளியின் வேலையே மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. "இத டெஸ்ட் பண்ண வேண்டியவன் அன்னிக்கு லீவு போல" என்றார், ஒருவிதத் தொழில்ரீதியான துக்கத்தோடு.

அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. நகரம் முழுக்கக் கதவுகள் இருந்தன, ஒன்றும் திறக்காது. குண்டு தபாலட்டை மாதிரி நிதானமாகக் கிளம்பும், போய்ச் சேரும்போது எதிரி விலாசம் மாறியிருப்பான். சில நேரம் சுவருக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் நீண்டு நம்மைச் சுடும். அணியில் ஆள் குறைந்தால் கணினி தன் பங்குக்குப் பொம்மை வீரர்களை அனுப்பும். அவர்கள் ஏதாவது ஒரு சுவரைப் பார்த்தபடி அசையாமல் நிற்பார்கள். ரஃபீக் அவர்களுக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தான். "பந்தி போட்டாத்தான் திரும்புவாக."

எனக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. வானத்தை மட்டும் யாரோ மனசு வைத்து வரைந்திருந்தார்கள். கடலுக்கு மேலே சாயங்காலம் வந்து, இருட்டவே மறுத்து, அப்படியே நிற்கும். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. நான் முரளியின் நாற்காலிக்குப் பின்னால் தேநீரோடு நின்று பார்க்கிறவள், அவ்வளவுதான்.

அப்படி நின்றுகொண்டிருந்தபோதுதான் அவர் வந்தார். அணியில் நான்கு மனிதர்களாவது இல்லாமல் ஆட்டம் தொடங்காது என்பது அதன் விதி. மூவர் இருந்தார்கள். நாலாவதாக எங்கிருந்தோ ஓர் அந்நியரை ஆட்டமே கொண்டுவந்து சேர்த்திருந்தது. மணிக்கணக்காக அந்த ஆள் வாயே திறக்கவில்லை. கோபுர உச்சியில் வைத்துச் சுடப்பட்ட ஆத்திரத்தில் ரஃபீக் ஒரு வார்த்தை சொன்னான். அச்சில் ஏற முடியாத வார்த்தை, கொஞ்சம் நீளமானதும்கூட. பிறகு ஸ்பீக்கரிலிருந்து புதிதாக ஒரு குரல்.

"தமிழோ?"

விமான நிலையத்தில் சுற்றி வரும் பெட்டிகளில் தன்னுடையதைப் போல ஒன்றைக் கண்டு, தொடத் தயங்கி, குனிந்து பார்ப்பவரின் ஓகாரம் அது.

"ஆமாண்ணே" என்றான் ரஃபீக், வெலவெலத்துப்போய். "ஸாரிண்ணே, தெரியாமச் சொல்லிட்டேன்."

"பறவாயில்லைத் தம்பி. திரும்ப ஒருக்கால் சொல்லுங்கோ. கேட்டுக் கனகாலம்."

டெக்சஸின் மேற்குக் கோடியில் ஏதோ ஒரு சின்ன ஊரில் இருப்பதாகச் சொன்னார். சொந்த ஊர் யாழ்ப்பாணம், ஆனால் அதுவும் எப்போதோ. அங்கே தமிழ் பேச இன்னொரு ஆள் கிடையாது. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கார்த்தி கேட்டபோது கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெயில்" என்றார். "வரும். போகும்."

அன்றிலிருந்து சனிக்கிழமை மத்தியானங்களில் அவர் எங்களுக்கு முன்பே வந்து காத்திருப்பார். வந்த இரண்டாவது வாரமே அவருடைய குணம் தெரிந்துவிட்டது. அந்த ஆட்டத்தை யாராவது ஒரு குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. கோபப்பட மாட்டார். பதில் வைத்திருப்பார், அவ்வளவுதான்.

"ஒரு கதவாச்சும் தொறக்குதாண்ணே?"

"எல்லாக் கதவும் திறக்கோணும் எண்டு என்ன நியதி? நாங்கள் இருக்கிற தெருவிலை எத்தினை கதவு திறக்குது?"

"குண்டு நடந்து போவுதுண்ணே."

"நல்லதுதானே. சாக முதல் ஒரு வசனம் கதைச்சு முடிக்கலாம்."

"மொத்தமே நாலு தெருதான் குடுத்திருக்கான்."

"நாலு காணும். பழகின இடமெண்டால் ஒருத்தரும் துலைய மாட்டினம்."

மாப்பிள்ளைகளைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டார். "அவையை ஏன் சிரிக்கிறியள்? ஒருநாளும் இடையிலை விட்டிட்டுப் போறேல்லை."

"நீங்க என்ன, அந்தக் கம்பெனிக்கு வக்கீலாண்ணே?" என்றான் ரஃபீக்.

"ஓம். கேஸ் பலவீனமான கேஸ். அதுதான் நல்ல வக்கீல் தேவை."

சிரிப்போம். அவரும் சிரிப்பார். சிரிப்பு அடங்கி எல்லோரும் திரையில் மூழ்கிப் பேச்சு நின்றுபோகும். அப்போது அவர் குரல் கொஞ்சம் அவசரமாக வரும்: "இருக்கிறியளே?"

"இருக்கோம்ணே."

"ஓம், ஓம். சும்மா கேட்டன்."

இந்த 'இருக்கிறியளே'யை கார்த்தி அச்சு அசலாகச் செய்து காட்டுவான். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "இன்னும் கொஞ்சம் மூக்காலை சொல்லோணும்" என்று திருத்துவார்.

முரளிக்கு ஒரு மாதத்தில் சலித்துவிட்டது. சனிக்கிழமைகளில் ஆபீஸ் வேலையும் வந்து சேர்ந்தது. நாலு பேர் இல்லாமல் ஆட்டம் நடக்காதே என்று கார்த்தி எனக்கு ஃபோன் செய்தான். "சிஸ்டர், நீங்க சும்மா வந்து உக்காந்தா போதும். சுடக்கூட வேண்டாம். தலக்கணக்குக்குத்தான்." எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லாத விசா. காரோட்டத் தெரியாது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்து, அழுக்காகி, அதன் மேல் மறுபடி பனி விழுந்துகொண்டிருந்த முதல் குளிர்காலம். தலைக்கணக்கில் சேர்க்கிறார்கள் என்பதே பெரிதாக இருந்தது. உட்கார்ந்தேன். ஒரு பக்கம் செத்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டேன்.

"ஆர் இது புதுசு?" என்றது இடது காதில்.

"முரளி வொய்ஃப்ண்ணே. எனக்கு ஒண்ணும் தெரியாது."

"அது நல்லது தங்கச்சி. இந்தக் கேமிலை தெரிஞ்சவைக்கும் ஒண்டும் நடக்கிறேல்லை. நீர் என்ரை பின்னாலை வாரும்."

நீர், வாரும். நாடகத்தில் அரசர் பேசுவதைப் போல இருந்தது எனக்கு. அதட்டுகிறாரோ என்று நினைத்தேன். போகப் போகத்தான் அதில் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போடுகிற தொனி இருப்பது காதுக்குப் பிடிபட்டது.

அவர் தமிழால் எங்கள் அணி பலமுறை தோற்றிருக்கிறது. குறிப்பாக ஒரு சொல்லால். ரஃபீக் கிடங்குக்குள் பதுங்கியிருக்கிறான். அண்ணன் தொலைவில் கோபுரத்தின் மேல்.

"ரஃபீக், உங்கை ஒருத்தன் நிக்கிறான்."

"எங்கண்ணே?"

"உங்கை. உங்கைதான்."

"எங்கையில துப்பாக்கிதாண்ணே இருக்கு."

டுப். ரஃபீக் அவுட். கையில் என்ன நிற்கிறது என்று அவன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததாகக் கார்த்தி பிறகு சாட்சி சொன்னான். எதிரி அவனுக்கு மூன்றடி பின்னால் நின்றிருந்தான்.

அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டு அண்ணன் விளக்கினார். "இஞ்சை எண்டால் நான் நிக்கிற இடம். அங்கை எண்டால் ரெண்டு பேருக்கும் தூரம். உங்கை எண்டால் நீங்கள் நிக்கிற இடம். விளங்குதே? உங்கடை ஆக்கள் இதை எங்கை துலைச்சனியள்?"

பள்ளிக்கூடத்து இலக்கணப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். அ, இ, உ சுட்டெழுத்துகள். உகரம் இன்று வழக்கில் இல்லை என்று ஒரு வரி அதற்குக் கீழே. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த வரி. வழக்கில் இல்லாத அந்த எழுத்து டெக்சஸில் ஒரு தண்டவாளத்தின் ஓரத்தில் உயிரோடிருந்து, ஓர் எதிரியைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தது. நீ இருக்கும் இடம் என்பதற்கு ஒரு தனிச் சொல். நாங்கள் அதை இழந்து, 'உன் பக்கத்துல', 'நீ நிக்கிற எடத்துல' என்று சுற்றிச் சுற்றி வருகிறோம். அதற்குள் சுட்டுவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகு அணியே உங்கை பேசியது. கார்த்தி ஆபீஸ் மீட்டிங்கிலும் சொல்லிவிட்டு முழித்தானாம்.

ஒரே ஒருமுறைதான் அவர் அந்த ஆட்டத்தைக் குறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுவும் யாரோ அதைப் புகழ்ந்தபோது. துறைமுகத்தின் மேல் ஷெல் விழும் ஒரு கட்டம் உண்டு. வீல் என்று ஒரு கூச்சல், வெடிப்பு, கூரை சரியும்.

"என்ன சொல்லுங்க, இந்த சவுண்டு மட்டும் செம ரியலா பண்ணிருக்கான்" என்றான் கார்த்தி.

"இல்லை" என்றார் அண்ணன்.

வக்கீலின் வாயிலிருந்து அப்படியொரு சொல் வந்ததில் எல்லோரும் நின்றோம்.

"அப்பிடிக் கேக்காது. முதல்லை தூரத்திலை ஷெல்லைக் குத்தி அனுப்புற சத்தம் கேக்கும். பேந்து கொஞ்ச நேரம் ஒண்டும் கேக்காது. ஒண்டும்." ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டார். "அந்த நேரத்தை இவங்கள் போடேல்லை."

அவரே பேச்சை மாற்றினார். "இருக்கிறியளே? சரி, நடவுங்கோ. ரெண்டாம் கோபுரம் போகப்போகுது."

அவர் ஒரு மருத்துவர் என்பது வெகுநாள் கழித்துத் தெரிந்தது. ரஃபீக் விடாமல் இருமிக்கொண்டிருந்தான். எத்தனை நாளாக, சளி என்ன நிறம், காய்ச்சல் உண்டா என்று அவர் கேட்ட வரிசையில் மாட்டிக்கொண்டார்.

"டாக்டராண்ணே நீங்க? எங்ககிட்ட சொல்லவே இல்ல."

"ஆக்களைப் பாக்கிற டொக்டர் இல்லைத் தம்பி. கண்ணாடித் துண்டைப் பாக்கிற டொக்டர். ஆரோ ஒருத்தரிலை இருந்து சின்னத் துண்டொண்டு வெட்டி அனுப்புவினம். நான் மைக்ரஸ்கோப்பிலை வைச்சு, என்ன வருத்தம், என்ன நோய் எண்டு எழுதி அனுப்புவன். துண்டு வரும். ஆள் வாறேல்லை."

வாரம் முழுக்க அவர் ஒரு சன்னல் இல்லாத அறையில் யாருடைய குரலும் இல்லாத துண்டுகளைப் பார்க்கிறார் என்பதை நான் கற்பனை செய்துகொண்டேன். சன்னல் இல்லை என்று அவர் சொல்லவில்லை. நானாக அடைத்தேன்.

ஒருமுறை வாரநாளில் அவருக்கு ஃபோன் செய்தேன். ரஃபீக்கிடம் எண் வாங்கி, 'நியூ பிளேயர்' என்றே குறித்து வைத்திருந்தேன். முரளி ஆபீஸ் போன பிறகு வீடு அப்படியொரு வெறுமையாக இருந்த நாள். ஹீட்டர் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன விஷயம்? ஆருக்கும் ஏதும்..."

"ஒண்ணுமில்லண்ணே. சும்மாதான்."

"சும்மாவோ."

"ஆமாண்ணே."

அவர் மூச்சு இளைத்துக்கொண்டிருந்தது. ஓடி வந்து எடுத்திருக்கிறார். ஃபோன் என்றால் அவருக்கு ஒரே வகைச் செய்திதான் வந்துகொண்டிருந்திருக்கிறது போல. சனிக்கிழமைதோறும் மணிக்கணக்காகப் பேசிய இரண்டு பேர், குளிரைப் பற்றி இரண்டு வரி பேசினோம்.

"அப்ப வைக்கட்டே?"

"சரிண்ணே."

அந்தச் சனிக்கிழமை ரஃபீக்கும் கார்த்தியும் வரவில்லை. யாரோ நண்பனுக்கு வீடு மாற்ற உதவப் போயிருந்தார்கள். நாங்கள் இருவர் மட்டும். நாலு பேர் சேராதவரை துப்பாக்கி சுடாது, கோபுரம் எண்ணாது. 'ஆட்டக்காரர்களுக்காகக் காத்திருக்கிறது' என்று திரையின் மேலே ஒரு வரி மினுங்கும். ஆனால் ஊருக்குள் நடக்கலாம். நடந்தோம். அந்தச் சாயங்காலம் கடல் மேல் அப்படியே நின்றது.

"ஒண்ணு கேட்டா உண்மையைச் சொல்லுவீங்களாண்ணே? இந்த கேம் உங்களுக்கு நெஜமாவே பிடிச்சிருக்கா?"

கொஞ்சம் சிரித்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார். ஹெட்செட் அதிர்ந்தது.

"உமக்கென்ன விசரே? இவ்வளவு கேவலமான கேமை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை."

பிறகு அவிழ்த்துவிட்டார். எந்தச் சுவரில் எந்த மூலையில் கை நுழையும், எந்த மாடிப்படியில் கால் மாட்டும், எந்தத் துப்பாக்கி எந்தத் தூரத்தில் பொய் சொல்லும், எல்லாம். மாதக்கணக்கில் மென்று விழுங்கிய அபிப்பிராயங்கள். முரளி கண்டுபிடித்ததெல்லாம் அதில் கால்வாசி வராது. கடைசியாக, "உந்த வானம் ஒண்டுதான் பறவாயில்லை" என்றார். திரையில் என் பார்வையை மேலே திருப்பினேன்.

"அப்புறம் ஏண்ணே எல்லாத்துக்கும் சப்போர்ட் பண்றீங்க?"

நடந்துகொண்டே இருந்தார். திறக்காத கதவுகளின் வரிசை ஒன்றைத் தாண்டினோம்.

"ஒவ்வொரு குறையும் சொல்லேக்கை, 'நாளைக்கு வரமாட்டன்' எண்டுதான் எனக்குக் கேக்கும். அண்டைக்கு ஃபோனிலை பாத்தனீர்தானே. ஃபோன் எடுத்தால் என்ன விஷயம் எண்டு கேக்கினம். நானே கேட்டன். எங்களிட்டை விஷயம் எங்காலை? இதுக்குள்ளை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கிறேல்லை. ஆரையோ சுட்டுக்கொண்டு கதைச்சால், கதைக்கத்தான் வந்தனாங்கள் எண்டு தெரியாது. ஒருத்தருக்கும் வெக்கமில்லை. கிழமைக்கு ஒருநாள் நான் தமிழிலை வாய் திறக்கிறது இதுக்குள்ளைதான். கேம் நல்லமோ கூடாதோ, எனக்கென்ன. நாலு பேர் வேணும்."

நான் அதை மற்றவர்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்கள் இருபத்தாறு வயதுப் பையன்கள், சிரித்துவிட்டு மறந்திருப்பார்கள். கோடையில் வேறொரு கம்பெனியின் புது ஆட்டம் வந்தது. அதில் கதவுகள் திறந்தன.

"அண்ணே, இதை இனிமே விட்ருவோம்ணே" என்றான் ரஃபீக். "அது வேற லெவலு. குண்டு சுட்ட எடத்துக்குப் போவுது."

வக்கீல் அன்று பேசிப் பார்த்தார். புதுசுக்கு எல்லாரும் போவார்கள், கூட்டமாக இருக்கும், நாம் சேர்ந்து ஆட இடம் கிடைக்காது. இதில் நமக்கு ஒவ்வொரு கல்லும் தெரியும். அடுத்த மாதம் ஏதோ திருத்தம் வெளியிடப் போகிறார்களாம், பிறகு குண்டு வேகமாகப் போகுமாம். அப்படி ஒரு திருத்தமும் வரவில்லை. அவரே கற்பித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

"நீங்களும் அதை வாங்குங்கண்ணே. சேந்து ஆடலாம்" என்றான் ரஃபீக், உண்மையான அன்போடு.

வாங்கினார். அடுத்த சனிக்கிழமை புது ஆட்டத்துக்குள் வந்தார். ஆனால் அவர் ஊருக்கு வந்த இணையக் கம்பி நோஞ்சான். பழைய ஆட்டம் தானும் மந்தமாக இருந்ததால் அதோடு ஒத்துப்போயிற்று. புதிய ஆட்டத்தின் வேகத்துக்கு அந்தக் கம்பி ஈடுகொடுக்கவில்லை. அவர் உருவம் ஒரு காலைத் தூக்கியபடி உறைந்து நின்றது. குரல் அரைபட்டு வந்தது.

"தங்... சி... இருக்... யளே..."

"இருக்கோம்ணே, கேக்குதா? அண்ணே? மைக்க செக் பண்ணுங்க."

"...க்... லை... நீங்..."

"அண்ணே, நீங்க பேசுறது ரோபோ மாதிரி இருக்கு" என்று கார்த்தி சிரித்தான். அவர் சிரித்திருந்தால் அது எங்களுக்கு வந்து சேரவில்லை. இரண்டு மூன்று வாரம் அப்படி நொறுங்கி நொறுங்கி வந்தார். அவர் சொல்ல வருவது எதிரியின் இடமா, வீட்டு ரயிலா என்று யாருக்கும் தெரியவில்லை. அவரைக் காப்பாற்றப் போய் எல்லோரும் அவுட் ஆனோம். ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. ஆட்டம் அன்று நன்றாகப் போனது.

எங்கே போயிருப்பார் என்று எனக்குத் தெரியும். அடுத்த வாரம் பழைய ஆட்டத்தைத் திறந்தேன். ஊர் காலி. கோபுரத்தின் அடியில் 'நியூ பிளேயர்' நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேலே அந்த வரி மினுங்கிக்கொண்டிருந்தது.

"இருக்கீங்களாண்ணே?" என்றேன். முதல்முறையாக நான் கேட்டேன்.

குரல் உடையாமல், முழுசாக வந்தது. "இஞ்சைதான். வாரும்."

அந்த வருடத்தின் மிச்சச் சனிக்கிழமைகளில் நாங்கள் சுடாத துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு அந்த ஊரைச் சுற்றினோம். சில நாள் அரைமணி நேரம், சில நாள் என் கால் மரத்துப்போகும் வரை. என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. பருப்புக்கு எப்போது உப்புப் போடுவது. ஐசலின் ஊர் இந்தியக் கடையில் முருங்கைக்காய் வந்துவிட்டது. அவர் ஊர்க் கடையில் தேங்காயை எல்லாம் ஒரே ஆள் வாங்கிவிடுகிறாராம், அந்த ஒரே ஆள் இவர்தானாம். யாழ்ப்பாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. நாலு பேருக்காகக் காத்திருப்பதாகத் திரை சொல்லிக்கொண்டிருந்தது. ஒருவரும் வந்ததில்லை.

பிறகு கம்பெனியின் அறிவிப்பு வந்தது. ஆடுபவர்கள் மிகக் குறைந்துவிட்டதால் இந்த ஆட்டத்தை இணையத்திலிருந்து நீக்குகிறோம், ஆதரவுக்கு நன்றி. நாளும் நேரமும் போட்டிருந்தார்கள். அது ஒரு சனிக்கிழமையாக அமைந்தது தற்செயல்.

கடைசி ஆட்டம் ஒன்று ஆடிவிடலாம் என்று நான் ஆள் சேர்க்கப் பார்த்தேன். ரஃபீக் கல்யாணத்துக்காகக் கீழக்கரைக்குப் போயிருந்தான். கார்த்தி வருகிறேன் என்றான். வரவில்லை. அண்ணன் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. கோபுரத்தின் மேலே ஏறி நின்றோம். கீழே கடல், மேலே அந்தப் பிடிவாதமான சாயங்காலம்.

"மூடிட்டாங்கன்னா ஃபோன் பண்றேண்ணே. இனிமே என்ன விஷயம்னு கேக்காதீங்க."

"ஓம். எடுத்துக் கதையும். கேக்க மாட்டன்."

இரண்டு பேரும் அதை நம்பவில்லை என்பது இரண்டு பேருக்கும் கேட்டது.

முரளி ஓக் ட்ரீ ரோட்டுக் கடைகளிலிருந்து சாமான்களோடு உள்ளே வந்தார். கதவு, சாவிக்கொத்து, தரையில் பைகள். "என்ன, இன்னிக்குத்தான் கடையை மூடறாங்களா?" என்றார். "அண்ணனக் கேட்டேன்னு சொல்லு. கொத்தமல்லியப் பாரு, எவ்ளோ ஃப்ரெஷ்ஷா இருக்கு. இத எங்க வைக்க?"

"கேட்டது, கேட்டது" என்றார் அண்ணன். குரலில் ஒரு சிறு மலர்ச்சி.

இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பெரிதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு பதற்றம். எழுதுகிறவள் என்று அவரிடம் சொன்னதில்லை, ஆனால் அந்த நேரத்தில் எழுதுகிறவளின் கையாலாகாத்தனம் முழுசாக என்னிடம் இருந்தது. தேடத் தேடச் சொற்கள் பின்வாங்கின. பின்னால் முரளி குளிர்பெட்டியைத் திறந்து எதையோ நகர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன பேசறதுன்னு தெரியலண்ணே" என்றேன்.

"ஒண்டும் கதைக்க வேண்டாம் தங்கச்சி. மைக்கை மட்டும் நிப்பாட்டாமல் வைச்சிட்டுப் போய், ரெண்டு பேரும் உங்கடை வேலையளைப் பாருங்கோ. முடியிற வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."